சேற்றோட்டம் போனதை வைத்தியரிடம் ஏன் சொல்வதில்லை?

கடந்த வாரம் என்னிடம் வந்த ஓர் அலுவலக உத்தியோகத்தருக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். இரு கண்களும் பீழையின்றிச் சிவந்திருந்தன. கெண்டைக்காலை மெதுவாக அழுத்தியதும் கட்டிலில் துள்ளி எழுந்தார். வயலில் இறங்கினீர்களா என்று கேட்டேன். "எனக்கு ஏது டொக்டர் வயல், நான் கந்தோரில வேலை செய்யிறனான்" என்றார். அலுவலகக் குழுவோடு குளத்துக்குக் கீழே நடந்த சேற்றுத் தடையோட்டத்துக்குப் போனதையும், வலைக்குக் கீழே வயிற்றால் ஊர்ந்து முழங்கை உரசுண்டதையும் பக்கத்தில் நின்ற மனைவிதான் சொன்னார். இந்த மாரியில் எலிக்காய்ச்சல் அறிகுறிகளோடு எனக்கு இப்படி வாய்த்த மூன்றாவது நோயாளி இவர்.

எலிக்காய்ச்சல் கமக்காரருக்கு மட்டும் வரும் நோய் என்ற நினைப்பை எப்படித்தான் ஒழிப்பது என்று தெரியவில்லை. எலி மட்டுமன்றி, வன்னியில் வரம்புக்கு வரம்பு திரியும் கட்டாக்காலி மாடுகளும் எருமைகளும் நாய்களும் அந்தக் கிருமியைச் சிறுநீரோடு கழிக்கின்றன. சேற்றில் கிடப்பவர் காலபோகம் விதைத்தவரா, சம்பளப் பட்டியல் தயாரிப்பவரா என்று கிருமி விசாரிப்பதில்லை. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகச ஓட்டத்தில் பங்குபற்றி, பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேர் இந்நோய்க்குரிய அறிகுறிகளோடு இருந்தார்கள். அவர்கள் வயற்காரர் அல்லர், பயிற்சி பெற்ற வீரர்கள். உண்மையில் நமது கமக்காரர் பலர் முன்கூட்டியே மாத்திரை எடுக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் வயல் வேலையைப் பற்றித் தாமாகவே சொல்கிறார்கள். கந்தோர்க்காரர் இரண்டும் செய்வதில்லை. ஓடி முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்தோமே என்பார்கள். ஊறிய தோலாலும் கண்ணாலும் வாயாலும் உள்ளே போனதைக் குளிப்பு வெளியே எடுக்காது.

அடுத்த வில்லங்கம் கால் உளைவு. ஓடியதால் வரும் உளைவு மூன்று நான்கு நாட்களில் தணிந்துவிடும். ஒன்பதாம் பத்தாம் நாள் காய்ச்சலோடு புதிதாகத் தொடங்கும் உளைவு ஓடிய களைப்பால் வருவதல்ல. கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில்தான் நோய் வெளிப்படும். அதற்குள் ஓட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இவரோ பாமசியில் டைக்குளோபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தார், ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அதுவும் ஒரு அடி. டெங்கு என்றாலும் அந்த மாத்திரை ஆபத்தே.

ஓடத்தான் வேண்டுமென்றால், சில நாட்களுக்கு முன்பே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போய் டொக்ஸிசைக்கிளின் என்ற தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வழக்கமான தடுப்பு அளவு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது உகந்ததல்ல. காலில் ஆறாத புண் இருப்பவர் இறங்கவே வேண்டாம். நீரிழிவுக்காரருக்குச் சேற்றிலிருந்து மெலியோடோசிஸ் என்ற வேறொரு நோயும் வரலாம். மேலதிகாரி முகம் சுளிப்பார் என்பதற்காகப் புண்ணோடு குதிக்காதீர்கள். பிறகு காய்ச்சல் வந்தால் பரசிற்றமோலோடு நிறுத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்து, சேற்றில் இறங்கினேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இவரை விடுதியில் அனுமதித்து, சிறுநீரை அளந்து எழுதச் சொல்லிவிட்டு, ஓடியவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போடுமாறு மனைவியிடம் கேட்டேன். அன்று மாலையே இருவர் வந்தார்கள். ஒருவருக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். சட்டைப்பையில் அதே டைக்குளோபெனாக் அட்டை.