எடுக்க எடுக்கத்தான் நிற்கும் சொல்

ஆறாம் வகுப்பு மகனுக்கு ஆங்கிலத்தில் ரிமெம்பர், ரிமைண்ட், ரீகால், ரெகக்னைஸ் எல்லாம் ஒன்றாகவே படுகிறதாம். பத்து பத்து முறை எழுத வைத்தும் மறுநாள் நிற்கவில்லையாம். மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று மொழியில், மற்றது படிக்கும் முறையில்.

மொழிச் சிக்கலுக்குக் காரணம் நம் வீட்டுக் கிரியோல் மொழி. 'மோ ராபெல்' என்றால் எனக்கு நினைவிருக்கிறது. 'ராபெல் முவா' என்றால் எனக்கு நினைவூட்டு. இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால்தான் பிள்ளை 'ரிமெம்பர் மீ டு ப்ரிங் த புக்' என்று எழுதிவிட்டு வருகிறது. தமிழோ இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. நினைவூட்டு என்பதில் வருவது சோறு ஊட்டுகிற அதே ஊட்டுதான். உண்ண ஒருவர், ஊட்ட இன்னொருவர் வேண்டும். ரிமைண்டும் அப்படியே: நினைவுபடுத்த ஆளோ பொருளோ வெளியே இருக்க வேண்டும். ரிமெம்பருக்கு யாரும் வேண்டாம். இதை ஒருமுறை தமிழில் சொல்லிக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரெகக்னைஸ், ரீகால் வேறுபாட்டுக்குப் பையிலுள்ள நூறு ரூபாய் நோட்டே போதும். ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட அந்த நோட்டைக் கண்டால் யாருக்கும் தெரியும், அது ரெகக்னைஸ். இப்போது நோட்டை மூடி வைத்துவிட்டு, 'நூறு ரூபாய்' என்ற தமிழ் வரி இந்தி வரிக்கு மேலேயா கீழேயா என்று கேளுங்கள். அதை மனத்திலிருந்து எடுப்பதுதான் ரீகால். பலர் திணறுவார்கள். (மேலேதான். 1998-இல் அந்த வரிசையை மாற்றி நோட்டு அடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.) ஆயிரம் முறை கண்ணில் பட்டதெல்லாம் கேட்டவுடன் வாயில் வந்துவிடாது.

பத்து முறை எழுதுவதும் இப்படித்தான் பயனற்றுப் போகிறது. முதல் வரியைப் பார்த்து இரண்டாவது, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது என்று கைதான் வேலை செய்கிறது. சொல்லை மூளை ஒருமுறையாவது தேடி எடுத்ததா? இல்லை.

தேடி எடுப்பதற்கு இவ்வளவு வலிமையா என்று வியக்க வைத்த சோதனை 2008-இல் வெளிவந்தது. கார்பிக்கி, ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லை மாணவர் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால், சிலருக்கு அதன் பிறகும் அதில் தேர்வு வைத்தார்கள். சிலருக்கு அந்தச் சொல்லில் தேர்வை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தேர்வு தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. நிறுத்தப்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். 'எத்தனை நினைவிருக்கும்?' என்று முன்கூட்டிக் கேட்டதற்கு எல்லாக் குழுவும் பாதி என்றே சொல்லியிருந்தது. படித்தவருக்கே தன் நினைவின் நிலை தெரியவில்லை.

புதர் மண்டிய கரும்புத் தோட்டத்தில் ஒற்றையடிப் பாதை எப்படி உண்டாகும்? நடந்தால்தான். சொல்லைத் தேடும்போது அதை ஒட்டிய ஒலி, படம், வாக்கியம் எல்லாம் கிளறப்பட்டு, அவற்றிலிருந்து சொல்லுக்குப் போகும் வழி பழகுகிறது. விடையைப் பார்த்துக்கொண்டே படித்தால் அந்த வழியில் காலே படுவதில்லை. கொஞ்சம் மறந்த பிறகு தேடினால் பலன் கூடும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே இடைவெளி விட்டுப் படிப்பதன் லாபத்தைக் கண்டுவிட்டார். சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை ஒருநாள் மூடி வைக்கிறோமே, அறிவியல்படி அதில் குற்றமில்லை; மறுநாள் திறக்கும் முன் நேற்றுப் படித்ததைச் சொல்லிப் பார்த்தால் சரி. நினைவாற்றல் மாத்திரைக்கும் மந்திரித்த பேனாவுக்கும் செலவழிப்பதுதான் வீண். ஒரு அட்டைப்பெட்டி அதைவிட மலிவு.

அந்தப் பெட்டி லைட்னர் என்பவர் 1972-இல் பரப்பிய முறை. அட்டையின் முன்பக்கம் கோடிட்ட இடம் விட்ட வாக்கியம்: 'ப்ளீஸ் ____ மீ டு லாக் த டோர்'. பின்பக்கம் ரிமைண்ட். சொல்லை மட்டும் எழுதினால் ரிமெம்பரும் ரிமைண்டும் மறுபடி கலந்துவிடும். மூன்று அறைகள் போதும்: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியென்றால் அடுத்த அறை, தவறென்றால் மறுபடி முதல் அறை. நாளுக்குப் புதிதாக ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். பழையவை குவிந்து பிள்ளை பெட்டியையே வெறுத்துவிடும். பொருள் நெருங்கிய இரண்டு சொற்களை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ரிமெம்பர் இரண்டாம் அறைக்குப் போன பிறகு ரிமைண்ட் வரட்டும்.

அதிகம் நடக்கும் தவறு, இரண்டு நொடியில் அட்டையைத் திருப்பிவிடுவது. பத்து நொடியாவது தேடவிட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். தவறான விடையை அந்த இடத்திலேயே திருத்தாவிட்டால் தவறே பதிந்துவிடும்.

ஐந்து முறை முதல் அறைக்குத் திரும்பிய அட்டையைக் கிழித்துப் போடுங்கள். குறை அட்டையில்தான். ரீடெய்ன் (கைவிடாமல் வைத்திருத்தல்) நிற்கவில்லையா? ஒலியில் நெருங்கிய 'ரெட்டை' என்ற சொல்லைப் பிடித்து, நழுவாமலிருக்க ரெட்டை முடிச்சுப் போட்ட ஒரு பையைப் புது அட்டையில் வரையச் சொல்லுங்கள். வரைவது பிள்ளையாகவே இருக்கட்டும்.