ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலை. தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் அன்று அங்கே போயிருந்தேன். வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஆலையின் பின்பக்கம் சிறு கூட்டம். கழிவுநீர்த் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டதாம். மூடியைத் திறந்து ஏணியும் இறக்கிவிட்டார்கள். கையில் வாளியோடு ஒரு பையன் இறங்கத் தயாராக நின்றான்.

"திறந்ததும் குப்பென்று அடித்தது. இப்போது வாடையே இல்லை, இறங்கலாம்" என்றார் மேஸ்திரி. நான்கைந்து தலைகள் ஆடின. என் தலை ஆடவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிதான் எனக்குப் பிழைப்பு. வாயு அளக்கும் மீட்டர் காரின் பின்சீட்டில் கிடந்தது. இருந்தும், வந்த வேலை வேறு, முதலாளி பக்கத்தில் நிற்கிறார், வருடாவருடம் செய்பவர்களுக்குத் தெரியாததா என்று அந்தச் சில விநாடிகளில் மனம் எத்தனையோ சாக்குகளை அடுக்கிவிட்டது.

கிழங்குத் தோல் சீவும் இடத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போன தடவை இரண்டு நாள் திறந்து கிடந்தும் நாற்றம் போகவில்லையே. இப்போது டீ குடிக்கும் நேரத்துக்குள் எங்கே போயிற்று?"

"உங்களுக்கு என்னக்கா தெரியும்? போய்க் கிழங்கைப் பாருங்கள்."

"தெரியாது சாமி. அதனால்தான் கேட்கிறேன்."

பையன் வாளியைக் கீழே வைத்தான். நான் காரை நோக்கி நடந்தேன்.

மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலறத் தொடங்கியது. ஹைட்ரஜன் சல்பைடு. மாவுச்சத்து கலந்த நீர் காற்றில்லாமல் நாள்கணக்கில் தேங்கினால் உண்டாகும் வாயு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறி நம்மை எச்சரிக்கும். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மங்கிவிடும். 100 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, எட்டினால் சீக்கிரமே முழுதாக மரத்துப்போகும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்வார், 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சுதான். பிறகு அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். இந்த விபத்துகளில் சாவு ஒன்றோடு நிற்காததற்குக் காரணம் அதுதான். காற்றைச் சோதிக்காமல் இப்படிப்பட்ட தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36-ஆவது பிரிவு சொன்னது. அன்று அங்கே நின்றவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு எந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்பதுதான் கேள்வி, குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருப்பவர்கள் எல்லாரும், முன்பே பேசி வைத்துக்கொண்டு, தவறான விடையைச் சொல்வார்கள். நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தத் தவறுக்கு உடன்பட்டார்கள். மொத்தத்தில் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பணிந்துபோனவை. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அந்தப் பணிவு முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மாற்றிச் சொன்னவர் சொன்னதும் தவறாகவே இருந்தபோதும் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. மறுத்தவர் யாரையும் வாதாடி வெல்லவில்லை. ஏற்கெனவே சந்தேகப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் துணை கிடைத்தது, அவ்வளவுதான். தொட்டியோரம் நின்ற எனக்கு நடந்ததும் அதேதான்.

எப்போதும் இப்படி முடியாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது என்று பொறியாளர்கள் எதிர்த்தார்கள். மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் விண்கலம் வானிலேயே சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு" என்று நம் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். "ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்ற மறுபாதியை விட்டுவிடுவார்கள்.

இப்போது ஆலைகளிலும் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் வகுப்பெடுக்கும்போது "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்க விடுவதில்லை. அந்தக் கேள்விக்குத் தலைதான் ஆடும். வேலைக்குப் புதிதாக வந்தவர் முதலில் பேச வேண்டும், முதலாளி கடைசியில். "இதில் ஒரு ஆள் செத்தால் எப்படிச் செத்திருப்பான்?" என்றும் கேட்கச் சொல்கிறேன். வேலை தொடங்கும் நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறேன் என்று முகம் சுளிக்கும் முதலாளிகள் உண்டு, சுளிக்கட்டும். எதிர்த்துப் பேசுவதற்கென்றே ஒருவரை நியமிப்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அது நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று பம்பைச் சங்கிலிக் கப்பி போட்டு மேலேயே இழுத்துவிட்டார்கள். யாரும் இறங்கவே தேவையிருக்கவில்லை. கிளம்பும்முன் அந்த அம்மாவிடம் போய் நன்றி சொன்னேன். அவர் கிழங்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு முதலிலேயே மனதில் பட்டது. படித்தவர் நீங்களே சும்மா நிற்கிறீர்களே என்றுதான் நானும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்" என்றார்.