வரைகோட்டைக் காதால் படிக்கலாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வெள்ளைக்கோல் தட்டும் சத்தம் எல்லாருக்கும் பழகியது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் பாடக் கருவிகள் செய்யும் நான், அந்தப் பக்கத்தில் ஒரு படிவம் நான்கு மாணவிக்குப் பாடம் எடுக்கிறேன். அவளுக்குப் பார்வை இல்லை.

கொதிநீர் ஆறும் சோதனை. பதிவான வெப்பநிலையைக் கணினி வாசித்தது: 90, 81, 74, 67, 62. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணெல்லாம் தெரியுது ஐயா, கோடு எப்படிப் போகுதுன்னுதான் தெரியல" என்றாள். பார்வையுள்ள பிள்ளைக்கு ஒரே பார்வையில் கிடைப்பது அந்த வடிவம்தான். அதைத்தான் நான் விட்டிருந்தேன்.

அடுத்த வாரம் வெப்பநிலையைச் சுருதியாக மாற்றினேன். சூடு அதிகமென்றால் மேல் சுருதி, ஆற ஆறக் கீழே. அரைமணி நேரச் சோதனை ஆறு விநாடி ஒலியானது. கேட்டுக்கொண்டே மேசையில் விரலால் கோடு இழுத்தாள். செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லப் படுத்தது. "முதல்ல சறுக்குது, அப்புறம் நடக்குது." நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும் என்ற நியூட்டன் விதி அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது; அலகு ஹெர்ட்ஸ்) இரட்டித்தால்தான் காதுக்கு ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச' வரை, ஏறும். 220 ஹெர்ட்ஸிலிருந்து 440 ஒரு ஸ்தாயி. அடுத்த ஸ்தாயிக்கு 880 வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சம ஹெர்ட்ஸ் கொடுத்தால் மேலே நடக்கும் மாற்றம் காதில் சுருங்கிவிடும். ஸ்வரப் படிகளைப்போல் சம விகிதத்தில் கொடுங்கள். பின்னணி இசை, கைதட்டல் சத்தம் எல்லாவற்றையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பாடம் சொல்லும் ஒலியை அவை மூடிவிடும்.

தரவை ஒலியாக்குவது புதிதும் அல்ல, பார்வையற்றவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. அறுவை அறையில் நோயாளியின் ஆக்சிஜன் குறைந்தால் கருவியின் 'பீப்' சுருதி இறங்கும். மருத்துவர் திரும்பிப் பார்க்காமலே அறிவார். பார்வை இழந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் விண்வெளித் தரவுகளைக் கேட்டே ஆராய்கிறார். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) இலவச அறிவியல் செயலிகள் பலவற்றில் இப்படிப்பட்ட ஒலி இருக்கிறது; ஆசிரியர்கள் இன்றே திறந்து பார்க்கலாம். ஆனால் ஒலியை மட்டும் நம்பினால் காது கேளாத பிள்ளை வெளியே நிற்கும். கோடும் எழுத்தும் கூடவே இருக்கட்டும்.

போன வாரம் அவளே கேட்டாள்: "மூடி போட்ட டம்ளரையும் வைங்க ஐயா." மூடியது இடது காதில், திறந்தது வலது காதில். ஒரே சுருதியில் தொடங்கிய இரண்டும் பிரியத் தொடங்கிய இடத்தில் கையை உயர்த்தி, "இங்க" என்றாள்.