வெட்டத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் வேண்டும்

ஆர்என்ஏ எப்படி உருவாகிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம், அது எப்படி அழிகிறது என்று யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை. எனக்கு என்னவோ அந்த அழிக்கும் வேலைதான் அதிசயமாகத் தெரிகிறது. குறிப்பாக 1997-ல் ஈஸ்ட் செல்லில் கண்டுபிடித்த ஆர்என்ஏ எக்ஸோசோம் என்ற, ஆர்என்ஏவை அழிக்கும் புரத இயந்திரம். (செல்கள் வெளியே அனுப்பும் குட்டிப் பைகளுக்கும் எக்ஸோசோம் என்றே பெயர், அது வேறு, இது வேறு.)

ஆறு புரதங்கள் சேர்ந்து ஒரு வளையம், அதற்கு மேல் மூடி மாதிரி மூன்று புரதங்கள், நடுவில் துளை. ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களிலும் இதே மாதிரி வளையம் உண்டு, அங்கே வளையமே ஆர்என்ஏவை வெட்டும். ஈஸ்டில் இந்த ஒன்பதில் ஒன்றுக்குக்கூட வெட்டும் திறன் கிடையாது! வெட்டுவது அடியில் ஒட்டியிருக்கும் பத்தாவது புரதம், ஆர்ஆர்பி44.

அப்புறம் வளையம் எதற்கு? அந்தத் துளையில் ஒற்றை இழைதான் நுழையும். மடிந்து கிடக்கும் ஆர்என்ஏவை உட்கருவில் எம்டிஆர்4, வெளியே சைட்டோபிளாசத்தில் ஸ்கை2 என்ற நொதிகள் பிரித்துக் கொடுக்க, ஊசிக்காதில் நூல் போவது போல அதன் ஒரு முனை (3' முனை என்பார்கள்) உள்ளே இறங்கி, சுமார் 30 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏ இழையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு நியூக்ளியோடைடு) நீளத்தைக் கடந்த பிறகுதான் ஆர்ஆர்பி44-ஐ எட்டும். எட்டியதும் ஒவ்வொரு நியூக்ளியோடைடாகக் கழற்றப்படும். (எதிர்ப்பக்கம், 5' முனையிலிருந்து தின்னும் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி தனிக் கதை.)

எதை அழிப்பது என்பதற்கு அடையாளம் வால். சைட்டோபிளாசத்தில் அடினின் (ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) வரிசையாக அமைந்த நீளமான வால் ஆர்என்ஏவைக் காக்கிறது. உட்கருவிலோ டிராம்ப் என்ற புரதத் தொகுதி வேண்டாத ஆர்என்ஏவுக்கு நாலைந்து அடினின் மட்டும் ஒட்டி, அழிவுக்கு அனுப்புகிறது.

சரி, முழுசாக அழிக்காமல் சீவி மட்டும் விட வேண்டிய ஆர்என்ஏ வந்தால்? புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் இருக்கும் 5.8எஸ் ஆர்என்ஏ முதலில் நீளமான வாலோடுதான் பிறக்கிறது. எக்ஸோசோம் அந்த வாலைத் தின்றுகொண்டே வருகிறது, ஆனால் 5.8எஸ் பகுதி ரைபோசோமுக்குள் சிக்கி இருப்பதால் அதற்கு மேல் உள்ளே இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. அப்போது மிச்சம் இருக்கும் வால் சுமார் 30 நியூக்ளியோடைடு, அதாவது துளையின் நீளம்! அந்த மிச்சத்தைச் சீவ ஆர்ஆர்பி6 என்ற இன்னொரு நொதி உட்கருவில் உண்டு. அதன் மரபணுவை நீக்கினால் ஈஸ்ட் சாவதில்லை, வளர்ச்சி மந்தமாகிறது, அந்த 30 நியூக்ளியோடைடு வாலோடு 5.8எஸ் செல்லில் சேர்ந்துகொண்டே போகிறது.