வாசெய்ல்: மரத்துக்குச் சொல்லும் பொலி

ஜனவரி 17 இரவு இங்கிலாந்தின் சாமர்செட்டில், கார்ஹாம்ப்டன் என்ற ஊரில், இலை உதிர்ந்த ஓர் ஆப்பிள் மரத்தைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். சைடர் என்கிற ஆப்பிள் மதுவில் ரொட்டியை நனைத்துக் கிளையில் வைப்பார்கள்; அது ராபின் குருவிக்கு. வேருக்கும் கொஞ்சம் சைடர். அப்புறம் பாட்டு, கூச்சல், துப்பாக்கி வேட்டு. கெட்ட ஆவி ஓட வேண்டும், தூங்கும் மரம் விழித்துக் காய்க்க வேண்டும். இந்தச் சடங்குக்குப் பெயர்தான் வாசெய்ல்.

சொல் பிறந்தது தோப்பில் அல்ல. ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியில் ‘வெஸ் ஹெய்ல்’, பழைய ஆங்கிலத்தில் ‘வெஸ் ஹால்’: நலமாய் இரு. ஹெல்த் (health, உடல்நலம்), ஹோல் (whole, முழுமை) என்ற இன்றைய ஆங்கிலச் சொற்களும் அதே வேர்தான். முதலில் வெறும் வணக்கம். பிறகு கோப்பையை நீட்டும்போது சொல்வது. அதற்கு மறுமொழி ‘டிரிங்க்ஹெய்ல்’, நலமாய்க் குடி. நாளடைவில் கோப்பையில் இருந்த பானத்துக்கே அந்தப் பெயர் வந்தது, அதை ஏந்தி வீடு வீடாகப் பாடிப் போவதற்கும் வந்தது. (வாசல்தோறும் போவதால் வாசெய்ல் என்று யாரும் வேர் காட்டிவிட வேண்டாம்!) ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் ஹெரிக், 1648இல் வெளியான கவிதையில் மரங்களுக்கே வாசெய்ல் சொல்லச் சொல்கிறார்.

தேதி 17 ஆனது, இங்கிலாந்து பதினொரு நாளைத் தள்ளிவிட்ட 1752 நாட்காட்டி மாற்றத்தால். கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவைச் சில ஊர்கள் பழைய கணக்கிலேயே வைத்துக்கொண்டன. டெவனில் உள்ள விம்ப்பிள் ஊரில் இரண்டாம் உலகப் போரோடு நின்றுபோன சடங்கை 1993இல் மீட்டார்கள். இன்று சைடர் தயாரிப்போரும் ஊர்ப் பொதுத் தோப்புக்காரர்களும் பல இடங்களில் நடத்துகிறார்கள்.

சரி, தமிழில்? வணக்கமாக வரும் இடத்தில் ‘வாழி’ அப்படியே பொருந்தும். சடங்குக்கு ‘மர வாழ்த்து’ எனலாம்தான், ஆனால் அது மேடை வாழ்த்து மாதிரி ஒலிக்கிறது. நெல் அடிக்கும் களத்தில் ‘பொலியோ பொலி’ என்று குரல் கொடுப்பார்களே, அந்தப் ‘பொலி’தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. விளைச்சல் பெருகட்டும் என்று விளைச்சலைப் பார்த்தே சொல்வது. களத்தில் அது அறுவடைக்குப் பின், தோப்பில் பூப்பதற்கும் முன் என்ற வேறுபாடு உண்டு. இருந்தாலும் ‘மரப்பொலி’ என்பேன். பானத்தை மட்டும் வாசெய்ல் என்றே விட்டுவிடலாம்.