டம்ப்ஸ்டருக்குச் சொல்வதற்கு முன் ஒரு போன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் வந்தன. அனுப்பியவர் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு தம்பி. பிலடெல்பியாவின் வடமேற்குப் பக்கம் பழைய கல்வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த போட்டோக்கள் அவை. ஒன்றில் பதினொரு கறுப்பினச் சிறுமிகள் வெள்ளை பாலே உடையில் வரிசையாக நிற்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் 'ஜூன் 1957' என்று மட்டும் இருந்தது. "அழகா இருக்குல்ல அக்கா? ஃப்ரேம் போடலாம்னு எடுத்து வச்சேன்" என்று கூடவே ஒரு வரி.

உடனே கூப்பிட்டு, மீதி எங்கே என்று கேட்டேன். ஏழெட்டுப் பெட்டி இருந்ததாம். நடனப் பள்ளி நிகழ்ச்சி நிரல்கள், நோட்டுப் புத்தகங்கள், ஜிகினா வைத்த துணிகள், "சாதா வீடியோ கேசட்டைவிடப் பெரிசா" இருபது முப்பது கேசட்டுகள். வெள்ளிக்கிழமையே டம்ப்ஸ்டர், அதாவது பெரிய குப்பைத் தொட்டி, வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டது. நான் பேசாமல் இருந்ததும் அவரே சமாதானம் சொன்னார்: "விடுங்கக்கா, பழைய டான்ஸ்தானே? எல்லாம் யூடியூப்ல இருக்கும்."

நான் ஒலி, ஒளி ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவள். இந்த ஆண்டு எனக்குத் தெரிந்தே இது மூன்றாவது. முதல் இரண்டும் இறந்துபோன நடன ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகளே கொட்டியவை. அவர்களும் இதே யூடியூப் வசனத்தைத்தான் சொன்னார்கள். அதனால் இந்த வசனத்தை மட்டும் கொஞ்சம் விரித்துப் பேசியே ஆகவேண்டும்.

யூடியூபில் இருப்பது என்ன? யாரோ ஒரு காலத்தில் காசு செலவழித்துப் படம் பிடித்து, அது அழியாமல் தப்பி, பிறகு இன்னொருவர் ஏற்றியது. இந்த மூன்றில் எது நடக்காவிட்டாலும் அங்கே ஒன்றும் இருக்காது. 1957இல் ஒரு கறுப்பினச் சிறுமியின் ஆண்டு விழா நடனத்தைப் படம் பிடிக்க எந்த ஸ்டுடியோ வந்தது? கறுப்பினப் பிள்ளைகளுக்கான நடனப் பள்ளிகள் உருவானதற்கே காரணம், ஊரிலிருந்த வெள்ளையர் பாலே பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்காததுதான். பிலடெல்பியாவில் எஸ்ஸி மேரி டார்ஸி சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற மரியன் கூஜே 1948இல் ஜூடிமார் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆடப் பழகிய சிறுமிதான் பின்னால் புகழ்பெற்ற ஆல்வின் ஏலி நடனக் குழுவின் முகமாக நின்ற ஜூடித் ஜேமிசன். ஜோன் மையர்ஸ் பிரவுன் 1960இல் பள்ளியும் 1970இல் ஃபிலடாங்கோ குழுவும் தொடங்கினார். பெயர் வெளியே வந்தவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பக்கத்துத் தெருவில், தேவாலயத்தின் நிலவறையில், நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சாட்சி ஒரு பக்க நிகழ்ச்சி நிரல்தான். யார் ஆடினார்கள், எந்த இசைக்கு, எந்த மண்டபத்தில், எந்தக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்து உதவினார் என்று எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தளத்தில் போய் அதைத் தேடுவீர்கள்?

சரி, படம் பிடித்தே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1941இல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் லிண்டி ஹாப் என்ற வேகமான ஜோடி ஆட்டம் ஒன்று வரும். மூன்று நிமிடம்கூட இருக்காது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள், நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். சமையல்காரர், வேலைக்காரி வேடத்தில் நான்கு ஜோடிகள் காற்றில் பறக்கிறார்கள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், சவாய் நடன மண்டபத்தில் வளர்ந்த 'வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ்' குழு அது. ஆனால் படத்தின் எழுத்தில் 'ஹார்லெம் காங்கரூ டான்சர்ஸ்' என்று வேறு ஏதோ ஒரு பெயர்! தனித்தனியாக யார் பெயரும் இல்லை. அந்த ஆட்டத்தை அமைத்த ஃபிராங்கி மேனிங் பின்னாளில் சுமார் 30 ஆண்டு தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் சிலர் தேடிப் போனபிறகுதான் அவர் மறுபடி ஆடவும் கற்றுக்கொடுக்கவும் வந்தார். இன்று அந்த எட்டுப் பேரின் பெயரும் நமக்குத் தெரிகிறது என்றால், அவரிடமும் அந்தக் குழுவில் ஆடிய நார்மா மில்லரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தவர்களால்தான். வீடியோவை நூறு முறை ஓட்டிப் பாருங்கள், ஒரு பெயரும் வெளியே வராது. சவாய் மண்டபமோ 1958இல் மூடி, இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது.

இன்னொரு பக்கம் கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹாமைப் பாருங்கள். மானுடவியல் மாணவியாக 1935இல் கரீபியத் தீவுகளுக்குப் போனவர், கையில் கேமராவோடு போனார். மார்ட்டினிக்கில் சண்டையும் ஆட்டமுமாக இருக்கும் 'லாஜா'வைப் படம் பிடித்தார். 1938இல் சிகாகோ மேடையில் 'லாக்யா' என்ற பாலேயாக அது வந்தது. அந்தப் படச்சுருள், களக் குறிப்புகள், கணவர் ஜான் பிராட் வரைந்த உடை வடிவங்கள், கடிதங்கள், பிற்கால வகுப்புப் பதிவுகள் எல்லாம் இன்று தென் இல்லினாய் பல்கலைக்கழகம், மிசூரி வரலாற்றுச் சங்கம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் என்று பிரிந்து இருக்கின்றன. 2000இல் காங்கிரஸ் நூலகம் தன் பங்கை வாங்கிப் பாதுகாக்க டோரிஸ் டியூக் அறக்கட்டளை 10 லட்சம் டாலர் கொடுத்தது. தீவில் ஒருவர் காலை எப்படி வைத்தார், மேடையில் அது எப்படி மாறியது, வகுப்பில் அதையே எப்படிப் பயிற்சியாக்கினார் என்று ஓர் ஆய்வாளர் படிப்படியாகத் தொடர முடிவது இவை எல்லாம் தப்பியதால். படச்சுருள் மட்டும் மிஞ்சியிருந்தால் 'தீவில் சிலர் ஆடுகிறார்கள்' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

"இதெல்லாம் பெரிய ஆட்கள், எங்க அத்தை வெறும் டீச்சர்" என்பார்கள். எனக்கு வேண்டியது அந்த அத்தையின் பெட்டிதான். பெரிய ஆட்களைப் பார்த்துக்கொள்ள நியூயார்க் பொது நூலகத்தின் ஜெரோம் ராபின்ஸ் நடனப் பிரிவு இருக்கிறது, ஹார்லெமில் கறுப்பினப் பண்பாட்டு ஆவணங்களைக் காக்கும் ஷோம்பர்க் மையம் இருக்கிறது. அத்தைக்கு யார் இருக்கிறார்கள்?

கறுப்பினக் குடும்பங்கள் பெரிய நிறுவனங்களிடம் பெட்டியைக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பல தலைமுறை இவர்களை எட்டிப் பார்க்காத நிறுவனங்கள் திடீரென்று வந்து கையெழுத்துக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் பொருளைக் கொடுத்தால் காப்புரிமையும் போய்விடும் என்பது தவறு. நன்கொடைப் பத்திரத்தில் அதைத் தனியாக எழுதலாம், பிரதி கேட்டு வாங்கலாம். தலைநகரத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்றும் இல்லை. ஏலி குழுவின் ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்க, ஏலியின் சொந்தத் தாள்கள் கன்சாஸ் சிட்டியில் கறுப்பின மக்களின் காப்பகம் ஒன்றில் இருக்கின்றன.

அந்தப் 'பெரிய கேசட்' விஷயத்துக்கு வருகிறேன். முக்கால் அங்குல யூ-மேட்டிக்காகத்தான் இருக்கவேண்டும். எழுபது, எண்பதுகளில் நடனக் குழுக்கள் ஒத்திகையை இதில்தான் பதிவு செய்தன. ஓட்டும் இயந்திரத்தை இப்போது யாரும் செய்வதில்லை. எங்களிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்று மற்றதற்கு உதிரிபாகம். வீட்டு வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஆகவே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்வதற்குக் காலம் இல்லை. டேப்பின் பசை பிசுபிசுத்துப் போனால் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுத்து, ஒரே ஒரு முறை ஓட்டிப் பதிவு செய்துகொள்வோம். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் வீட்டுச் சமையல் ஓவனில் வைத்தார். தயவுசெய்து வேண்டாம்.

இதுபோல் ஒரு பெட்டி உங்கள் கையில் வந்தால், பூஞ்சை பிடித்த கேசட்டை 'வேலை செய்யுதா' என்று போட்டுப் பார்க்காதீர்கள். கேசட்டும் போகும், இயந்திரமும் போகும். வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். மேலே கிரிக்கெட் பதிவாகாது. படச்சுருளில் வினிகர் வாசனை வந்தால் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், அது பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம், நீங்கள் படுத்துத் தூங்கும் அறையின் அலமாரியே போதும். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் எடுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. கணினிக்கு மாற்றியாயிற்று என்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இன்னும் நன்றாக மாற்ற முடியும், அசல் இருந்தால். பெட்டிகளைத் தரம் பிரித்து எனக்கு உதவி செய்யவும் வேண்டாம். எந்தத் தாள் எந்த உறையில் எதனோடு கிடந்தது என்பதே எங்களுக்கு ஒரு தகவல்.

அப்புறம், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இது இயந்திரம் கேட்காத வேலை, செலவும் இல்லை. எண்பது வயதுக்காரர் ஒருவர் "மூன்றாவது நிற்கிறது என் தங்கை" என்று சொன்னால், நான் ஒரு மாதம் உட்கார்ந்து தேடுவதைவிட அது மேல்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஃப்ரேம் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, பதினொரு சிறுமிகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறார். இரண்டு வீடு ஆகிவிட்டது, இன்னும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை. மூன்றாவது வீட்டுப் பாட்டி மருத்துவமனையில் இருக்கிறாராம். அடுத்த வாரம் வருவார் என்றார்கள்.