படிக்க விடும், தொட விடாது: காரின் டயக்னாஸ்டிக் பூட்டு

ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுதைக் கண்டறியும் ஸ்கேனரை மாட்ட இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004. ஆனால் அந்த விதிகள் பிறந்தது புகைக் கட்டுப்பாட்டுக்காக. பிரேக், ஏர்பேக், சாவி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளான ஈசியூக்களோடு எப்படிப் பேசுவது என்பதைத் தயாரிப்பாளரே வைத்துக்கொண்டார்.

எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின்பக்க பேடு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் மோட்டாரை முதலில் பின்வாங்க வைக்க வேண்டும். சி-கிளாம்ப் போட்டு பிஸ்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு கெட்டுப்போகும். ஆகவே ஸ்கேனர் "10 03" என்ற கட்டளையை அனுப்பி, சாதாரண நிலையில் கிடைக்காத வேலைகளுக்கான விரிவான செஷனைக் கேட்கிறது. பூட்டு உள்ள வண்டியென்றால் அடுத்து "27 01". ஈசியூ ஒரு புதிர் எண்ணைத் தரும். அதை ரகசியக் கணக்கில் போட்டு வரும் விடையை "27 02" உடன் திருப்பி அனுப்ப வேண்டும். விடை சரியென்றால்தான் "31 01" என்ற கட்டளைக்கு மோட்டார் அசையும். தவறினால் "7எஃப் 27 35": 7எஃப் என்றால் மறுப்பு, 27 மறுக்கப்பட்ட கட்டளை, கடைசி எண் காரணம். மேலும் மேலும் தவறினால் 36. அப்புறம் காத்திருக்கச் சொல்லி 37.

இந்தக் கணக்கை ஸ்கேனர் செய்பவர்கள் ஈசியூவின் மென்பொருளைப் பிரித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் புதிய வண்டிகளில் 27க்குப் பதில் "29" என்ற கட்டளை வந்தது. இதில் பதிலுக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். கையொப்பமிடும் சாவி பொதுவாகத் தயாரிப்பாளரின் சர்வரில் இருக்கும், வண்டியில் இராது. எதைப் பிரித்தாலும் கிடைக்காது. இணையம், லாகின், சந்தா எல்லாம் நுழைவது இந்த வழியாகத்தான்.

ஃபியட் கிரைஸ்லர் 2018 மாடல்களிலிருந்து சாக்கெட்டுக்கும், ஈசியூக்களை இணைக்கும் கேன் லைனுக்கும் நடுவே செக்யூரிட்டி கேட்வே என்ற காவல் பெட்டியை வைத்தது. பழுதைச் சொல்லும் எரர் கோடுகளைப் படிக்கலாம், அவற்றை அழிக்கவோ பாகத்தை இயக்கிச் சோதிக்கவோ பதிவு செய்த கருவி வேண்டும். 2015இல் ஆய்வாளர்கள் ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்ட, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஹேக்கிங் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தாக்குதல் நுழைந்தது ரேடியோவின் செல்லுலார் இணைப்பு வழியாக, ஓபிடி சாக்கெட் வழியாக அல்ல! மெக்கானிக்குகள் கேட்வேயின் இரண்டு கனெக்டர்களையும் கழற்றி, 12 பின், 8 பின் முனைகள் கொண்ட "12+8" கேபிளை மாட்டி நேராகக் கேன் லைனுக்குப் போனார்கள்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன அங்கீகார விதியான 2018/858இல் இல்லாத நிபந்தனைகளை ஓபிடி அணுகலுக்குத் தயாரிப்பாளர் விதிக்க முடியாது என்றது. வழக்கில் எதிர்த்தரப்பு அதே ஃபியட் கிரைஸ்லர்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும்: "7எஃப்" வந்தாலே பூட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி எண் 33 என்றால் அனுமதி இல்லை. 22 என்றால் நிபந்தனை சரியில்லை, அவ்வளவுதான்: இக்னிஷன் ஆன் ஆகாமல் இருக்கலாம், பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். சந்தா கட்டும் முன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள்.